வீனிங் பயிற்சி: பாடம் எளிது, பதிவேடுதான் பாடாய்ப் படுத்தியது

எட்டு வாரப் பயிற்சி என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பதினான்கு வாரம் ஆனது. அதில் படிப்புக்கென்று போனது ஐந்து வாரம்தான். மிச்சமெல்லாம் கடவுச்சொல், கையெழுத்து, 'கோப்பு ஏற்கப்படவில்லை' என்ற சிவப்பு வரி.

ஐ.சி.யூ. செவிலியர்களுக்கான இணையவழிப் பயிற்சி இது. நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விலக்குவதுதான் பொருள். வார்டில் நாங்கள் வீனிங் என்போம். பதிவு செய்வதும், தலைமைச் செவிலியரிடம் கடிதம் வாங்குவதும் ஒரே நாளில் முடிந்தன. அந்த வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

முதல் அடி மூன்றாம் பாடத்தில் விழுந்தது. காணொளி முப்பத்தைந்து நிமிடம், வேகமாக ஓட்டவும் முடியாது. ஆனால் இருபது நிமிடம் மவுஸ் அசையாமல் இருந்தால் தளம் நம்மை வெளியே தள்ளிவிடும். இரவு டூட்டி முடித்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகக் கவனித்தேன். அதற்குத் தண்டனையாக மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று முறை. உதவி மையத்துக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் 'பிரவுசரின் நினைவகத்தைத் துடைத்துப் பாருங்கள்' என்ற ஒரே பதில். ஐந்தாவதில் மணி தெரியும்படி திரையைப் படமெடுத்து இணைத்தேன். அன்று மாலையே சரிசெய்து கொடுத்தார்கள். நீங்கள் சேர்வதாக இருந்தால், ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் அந்தப் பச்சைக் குறியைப் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

நேரடி வகுப்பைத் தவறவிட்டது என் பிழை. பாதிப் பிழை என்றும் சொல்லலாம். அட்டவணையில் இருந்தது நமக்கு முன்னால் ஓடும் வேறொரு நாட்டின் நேரம்; அதைச் சொல்லும் அடிக்குறிப்பு எறும்பு எழுத்தில் இருந்தது. நான் விடுப்பு மாற்றி, குளித்து, காதுக்கருவி மாட்டி உட்கார்ந்தபோது வகுப்பு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அடுத்த சுற்றுக்கு மூன்று வாரம் காத்திருந்தேன்.

அடுத்தது கணக்கு. நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையை டைடல் வால்யூமால், அதாவது ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவால், வகுத்துவரும் ஆர்.எஸ்.பி.ஐ. எண் வார்டில் எல்லோருக்கும் தெரியும்; எண் கூடினால் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடுகிறது என்று பொருள். நிமிடத்துக்கு 30 மூச்சு, ஒவ்வொன்றும் 300 மில்லி. நான் முப்பதை முந்நூறால் வகுத்து 0.1 என்று எழுதி, சந்தேகமே இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். லிட்டரில் போட வேண்டும், 30-ஐ 0.3-ஆல் வகுத்தால் 100. தாண்டக்கூடாத எல்லை 105. ஒன்பது வருடமாக வென்டிலேட்டர் திரையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் நானே வகுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த அவமானத்தில் பாடத்தைத் திரும்பப் படித்தபோது கிடைத்த ஒன்றுக்காகவே பயிற்சிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். யாங், டோபின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் இந்த 105-ஐச் சொன்னபோது, நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து பிரித்து, தானாக மூச்சுவிடச் செய்து, ஒரு நிமிடம் அளந்திருக்கிறார்கள். நாம் பார்ப்பதோ பிரஷர் சப்போர்ட், அதாவது ஒவ்வொரு மூச்சை இழுக்கும்போதும் எந்திரம் தரும் அழுத்த உதவி, ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் வரும் எண். எந்திரம் கைகொடுப்பதால் ஒவ்வொரு மூச்சும் பெரிதாகும், எண் இறங்கும். உதவியோடு வந்த 80, உதவியை எடுத்தால் 80-ஆகவே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. எத்தனை காலை ரவுண்டுகளில் அந்த எண்ணை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்!

செயல்முறைத் தேர்வு திரையிலேயே நடக்கும். கணினி நோயாளி ஒருவர். பிரஷர் சப்போர்ட் 7, பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் மிஞ்சவைக்கும் அழுத்தம்) 5 என்று உதவியைக் குறைத்து, நோயாளி தானாக மூச்சுவிடும் சோதனையைத் தொடங்கினேன். பன்னிரண்டாம் நிமிடம் வரை அமைதி. பிறகு மூச்சு 24-லிருந்து 36-க்கு ஏறியது, டைடல் வால்யூம் 420-லிருந்து 240-க்கு இறங்கியது. நெற்றியில் வியர்வையைக்கூட வரைந்திருந்தார்கள். ஆக்சிஜன் அளவு மட்டும் 95-இல் அசையாமல் நின்று 'பொறு, பொறு' என்றது. நான் பொறுக்கவில்லை, நிறுத்தினேன். சரியான முடிவு என்ற நிம்மதியில் காத்திருந்தால், 'தேர்ச்சியில்லை'.

காரணம், சோதனையை நிறுத்திய நான் வென்டிலேட்டரைப் பழைய அமைப்புக்குத் திருப்பவில்லையாம். அந்த மனிதர் ஐந்து நிமிடம் அதே குறைந்த உதவியில் திணறிக்கொண்டிருந்தாராம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. படுக்கையருகே நிற்கும்போது அந்தக் குமிழைக் கை தானாகத் திருப்பும். அதற்குத் தனியாக ஒரு பட்டன் அழுத்த வேண்டும் என்று யார் நினைப்பார்கள்? அதையே எழுதி அனுப்பினேன். பயிற்றுநரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: 'கை திருப்பியிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஏன் தோற்றார்? நீர்க்கணக்குத் தாளை நீங்கள் திறக்கவே இல்லை.'

திறந்து பார்த்தேன். மூன்று நாளில் உள்ளே போனது வெளியே வந்ததைவிட 2.8 லிட்டர் அதிகம். பலவீனமான இதயம். எந்திரத்தின் அழுத்தம் குறைந்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும், இதயம் தள்ள வேண்டிய சுமையும் கூடும், நுரையீரலில் நீர் கோக்கும். தோற்றது நுரையீரலே அல்ல. கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுநாள் தேர்வை மீண்டும் எழுதினேன். பழைய அமைப்பு, ஓய்வு, காரணத்தைத் தேடு, அடுத்த சோதனை மறுநாள் என்று வரிசையாகச் செய்ததும் தேர்ச்சி வந்தது.

கடைசியாகப் பதிவேடு. நம் வார்டில் உண்மையாக நடக்கும் ஐந்து சோதனைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் மருத்துவரின் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு கையெழுத்துக்காக விடுப்பு நாளில் போனேன். அவர் அறுவை அரங்குக்குள் போய்விட்டிருந்தார். மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். சோதனை முடிந்த கையோடு, படுக்கையருகிலேயே, தேதியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பதிவேற்றியபோது முதல் முறை ஒரு மூலையில் படுக்கை எண் தெரிந்ததால் திருப்பினார்கள். நியாயம்தான், நோயாளியைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டாம் முறை கோப்பு பெரிது என்றார்கள். மூன்றாம் முறை சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: '60, 90, 120 நிமிடக் கட்டங்கள் நிரப்பப்படவில்லை.' முப்பது நிமிடச் சோதனையும் இரண்டு மணி நேரச் சோதனையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்று 1999-இல் வந்த ஆய்வைக் காட்டிப் பாடம் நடத்தியவர்களே இவர்கள். படிவத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். முப்பதாம் நிமிடத்தில் தேறி, மூச்சுக்குழாயில் செருகியிருந்த டியூப் எடுக்கப்பட்ட நோயாளிக்கு 120-ஆம் நிமிடத்து டைடல் வால்யூமை நான் எங்கே போய் அளப்பேன்?

பதிவேட்டின் நான்காம் வரிசையில் இருந்த பாட்டியை நினைத்துக்கொண்டேன். டியூபின் பலூனிலிருந்து காற்றை இறக்கியதும் தொண்டையோரம் 'உஸ்' என்று கசிந்த சத்தம், வீக்கமில்லை என்று மருத்துவர் தலையசைத்தது, டியூப் வெளியே வந்ததும் பாட்டி இருமிய அந்தத் திடமான இருமல். 'சிஸ்டர், இந்த இருமல் போதும்' என்றார் மருத்துவர். கரகரத்த குரலில் பாட்டி முதலில் கேட்டது தண்ணீர். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் கொடுக்க முடியாது என்று உதட்டை மட்டும் நனைத்தேன். ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று கட்டங்களிலும் 'முப்பதாம் நிமிடத்தில் டியூப் அகற்றப்பட்டது' என்று எழுதி, அவர்களுடைய பாடத்தின் பக்க எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். படிவத்தை இன்னும் மாற்றவில்லை. இப்போது சேர்ந்திருக்கும் தோழிக்கும் அதே தாள்தான் வந்திருக்கிறது. நான் எழுதிய வரியை அப்படியே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றிரவு சான்றிதழ் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்து பிழை. திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், மணி தெரியும்படி.