காலிப்பர் ஜாம் என்றதும் புதுசு வாங்க ஓடாதீர்கள்

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை, மைலேஜும் காரணம் தெரியாமல் குறைந்திருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மெக்கானிக்கிடம் போனால் "காலிப்பர் ஜாம், மாத்திடலாம்" என்று ஒரே வரியில் பதில் வரும். எனக்கு ஆதங்கமே அந்த ஒரு வரியில்தான். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை, பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் பாகம். காலிப்பருக்குள்ளும் அதைச் சுற்றியும் சிக்கிக்கொள்ளக்கூடிய இடங்கள் பல இருக்கின்றன, எது சிக்கியது என்று பார்க்காமல் முழுசாக மாற்றினால் பணமும் போகும், சில சமயம் கோளாறு அப்படியே இருக்கவும் செய்யும்.

முதலில் ஒரு விஷயம். இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியை "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தர வகை) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ரகம், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 தான். கொதித்து ஆவி உண்டாகிவிட்டால் பெடல் அழுத்தமே இல்லாமல் தரை வரை போகும்.

சரி, எங்கே சிக்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் வைத்த பிறகு (வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யவே கூடாது) பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்து விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் உடனே விட்டுவிட்டால் காலிப்பர் நிரபராதி, அழுத்தம்தான் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரே ஒரு சக்கரத்தில் இப்படி என்றால் முதல் சந்தேகம் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் மேல். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே உரிந்து வீங்கி, மிதிக்கும்போது ஆயிலை விட்டுவிட்டு, காலை எடுத்தால் திருப்பி விடாமல் ஒருவழிப் பாதையாகிவிடும். உறுதி செய்ய, மறுபடி மிதித்துவிட்டு, இந்த முறை ஹோஸின் மேல்முனையில் உலோகக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸ்தான். விட்டுவிட்டால், பெடலை மிதிக்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது காலிப்பர் போட்டு, அதுவும் பிடித்துக்கொண்டு, புதுசே பழுது என்று கடையோடு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையா, அப்போது இயந்திரச் சிக்கல். பெரும்பாலான கார்களில் முன்பக்கம் இருப்பது நகரும் வகைக் காலிப்பர், ஆயில் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ள, மொத்தக் காலிப்பரும் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பின்களின் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் போனால் துருப் பிடித்து இறுகிவிடும். இரண்டு பேடும் ஒரே அளவு தேயாமல் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் முதலில் இங்கே பாருங்கள். சுத்தியலால் அடிக்காமல் ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். துளையைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிகான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊத வைத்துத் திரும்பவும் இறுக்கிவிடும். அளவுக்கு மீறி அடைத்தாலும் பின் உள்ளே போக இடமிருக்காது. சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், கழற்றும்போதே எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பேட் உட்காரும் பிராக்கெட்டில் கிளிப்புக்கு அடியில் துரு ஏறி, பேடையே நெருக்கிப் பிடிப்பதும் அடிக்கடி நடக்கும். கிளிப்பை எடுத்து ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

இனி பிஸ்டன். அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக வளைந்து, விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்பி பிஸ்டனைத் துளியூண்டு இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால் பிஸ்டன் மேல் கொஞ்சம் துரு ஏறினாலும், சீலின் காடிக்குள் துரு அடைந்து சீலைப் பிஸ்டன் பக்கம் தள்ளினாலும் பிஸ்டன் திரும்பாது. ஜாமான பிஸ்டனை வெளியே எடுக்க, ஹோஸ் மாட்டியிருக்கும்போதே எதிரே ஒரு மரக்கட்டை வைத்துப் பெடலை மெதுவாக மிதியுங்கள். கம்ப்ரஸர் காற்று வைத்தால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், இடையில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். வெளியே எடுத்துப் பார்த்து, சீல் உட்காரும் காடியில் மட்டும் அழுக்கு என்றால் சுத்தம் செய்து சீல் கிட் போடலாம். பிஸ்டன் மேல் குழி விழுந்திருந்தால் பிஸ்டனையே மாற்றுங்கள், உப்புத்தாள் போட்டுச் சமாளிக்க வேண்டாம். உள்சுவரே அரித்திருந்தால்தான் முழுக் காலிப்பர், அப்போது நானும் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன்.

பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருந்தால், கேபிள் இழுக்கும் அந்த லீவர் தன் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள், கேபிளைக் கழற்றியதும் திரும்பினால் கேபிள்தான் குற்றவாளி. இந்த வகைப் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், வெறுமனே அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்கு (வேலை செய்ய வசதியாக பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் நிலை) போட்டுவிட்டே கை வையுங்கள்.

எதைச் சரி செய்தாலும், கருகின பேடைத் திரும்ப மாட்டாதீர்கள், இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். வேலை நடக்கும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி நிறுத்துங்கள். ஆயில் வழியைத் திறந்திருந்தால் ஏர் எடுத்துவிட்டு, வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, இடது வலது சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போய், தொடாமல், சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் வேலை முடிந்தது.