திரும்பவும் பறவை, விலங்குகளோடு

ஐம்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் பறவைகளையும் விலங்குகளையும் வரைய ஆரம்பித்திருக்கிறேன். இடையில் ஏன் விட்டுப்போனது என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை, குழந்தைகள், வயதான பெற்றோர் என்று எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்தது இது: கைக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, கண் இத்தனை வருஷமும் சும்மா இருக்கவில்லை.

இளவயதில் புலி வரைந்தால் வரிகளைத்தான் வரைவேன். இப்போது வரிகளுக்கு அடியில் இருக்கும் தோள்பட்டையைத் தேடுகிறேன், முன்காலில் எடை இறங்கும்போது அந்த வரிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கிறேன். வீட்டுப் பூனையின் கண்மணி வெளிச்சத்தில் கீற்றாக ஒடுங்கும், புலிக்கு வட்டமாகவே சுருங்கும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் புலியின் முகம் எவ்வளவு உழைத்தாலும் புலியாக வராது. கொக்கின் காலில் பின்பக்கம் மடங்குவதுபோலத் தெரிவது முழங்கால் இல்லை, கணுக்கால்; முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஒரு கொக்கை நிற்கவைத்துப் பாருங்கள், உடம்பு எங்கே ஊன்றியிருக்கிறது என்று பென்சிலுக்கே புரிந்துவிடும்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் குறைத்துவிட்டேன். தவறு என்று சொல்லவில்லை, இறகு அடுக்கைச் சரிபார்க்க எனக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து பெரிய டெலி லென்ஸில் எடுத்த படத்தில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும், கிட்டப் போய் வைட் லென்ஸில் எடுத்தால் மூக்கு மட்டும் பெருத்துவிடும், நிழல்களோ பெரும்பாலும் வெறும் கறுப்பு. நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளேயே நீலமும் பழுப்பும் இருக்கும்.

நேரில் வரைவது கஷ்டம், விலங்கு நமக்காக நிற்காது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஒரே பக்கத்தில் நாலைந்து படங்களை ஒரே சமயத்தில் தொடங்குங்கள். விலங்கு தலையைத் திருப்பினால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், பெரும்பாலும் விலங்கு கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கு வேண்டிய பொறுமை இருபது வயதில் எனக்கு இல்லை, இப்போது இருக்கிறது.

அப்புறம் வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் தூரத்து மரத்தையும் மடியில் இருக்கும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டிய நமக்கு அது இரட்டைத் தொல்லை. வாசிக்க மட்டும் உதவும் கண்ணாடி போதாது, தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் தெரியும்படி மாற்றிக்கொண்டேன், அதோடு காகிதத்தையும் பெரிதாக்கிக்கொண்டேன். பெரிய காகிதம் வந்ததும் விரலால் வரைவது போய்த் தோளிலிருந்து கோடு வர ஆரம்பித்தது, யானையின் முதுகுக்கு அப்படிப்பட்ட கோடுதான் வேண்டும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களிடம் நான் ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியனைப் பற்றித்தான் பேசுவேன். 1647-ல் பிறந்தவர், பூச்சிகளை வரைவதற்காகவே 1699-ல், 52 வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாம் போனார். அங்கே புழுவையும் கூட்டுப்புழுவையும் பட்டாம்பூச்சியையும் அவை தின்னும் செடியோடு சேர்த்து வரைந்தார், உடம்பு முடியாமல் 1701-ல் திரும்பினார், 1705-ல் அந்த ஓவியங்களைப் புத்தகமாக வெளியிட்டார். சிறுமியாக இருந்தபோதே புழுக்களை வளர்த்துப் பார்த்துப் பழகிய கண் அது.

இப்போது என் மேசையில் இருப்பது மீன்கொத்தி. அதன் முதுகில் நீல நிறமியே கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அதனால் கெட்டியான நீலத்தைப் பூசினால் செத்துப்போகிறது. வெள்ளைக் காகிதம் உள்ளிருந்து தெரியும்படி நீர்வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று ஏற்றிப் பார்க்கிறேன், ஓரளவு பிடிபடுகிறது. உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி வந்துவிட்டது, பாய்கிற மீன்கொத்தி இன்னும் வரவில்லை. இனி கொஞ்ச நாளைக்கு அதுதான் வேலை.