லைப்சிக்கில் பாக்கும் மெண்டல்சோனும்

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள தாமஸ் தேவாலயத்தில், பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் வெண்கலப் பலகையில் யோகான் செபாஸ்தியன் பாக் என்ற பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இங்கே இசைப் பொறுப்பாளராக இருந்த அந்த இசையமைப்பாளரை இங்கேயே அடக்கம் செய்திருப்பார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அவரைப் புதைத்தது நகர மதிலுக்கு வெளியே இருந்த யோவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். அடையாளக் கல் ஏதுமின்றிக் கிடந்த எலும்புகளை 1894இல் தோண்டியெடுத்து, அவை அவருடையவை என்று முடிவுசெய்தார்கள். அந்த ஆலயமும் இரண்டாம் உலகப் போரில் சிதைந்துபோகவே, 1950இல் அவற்றை இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்த இசைப் பொறுப்புக்கு நகர மன்றம் முதலில் விரும்பியது டெலிமான் என்ற இசையமைப்பாளரை. அவர் ஹாம்பர்க்கை விட்டு வரவில்லை. அடுத்து இன்னோர் இசையமைப்பாளரான கிராப்னரைக் கேட்டார்கள். அவருடைய பிரபு அவரை விடவில்லை. அதன் பிறகே பாக் தேர்வானார். அப்படி வந்தவர், தொடக்க ஆண்டுகளில் ஞாயிறுதோறும் கான்டாட்டா எனப்படும், வாத்தியங்களோடு பாடும் வழிபாட்டு இசை எழுதி, மாணவர்களையும் மனைவி அன்னா மக்தலேனாவையும் துணைக்கு வைத்துப் படியெடுத்து, பள்ளிச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்துப் பாடவைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 200 கான்டாட்டாக்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் எதிரெதிராக உரையாடும், மத்தேயு நற்செய்தியின்படி இயேசுவின் துன்பங்களைச் சொல்லும் ‘மத்தேயு பாடுகளின்’ இசை, 1727ஆம் ஆண்டுப் புனித வெள்ளியன்று இங்கேதான் முதலில் ஒலித்தது.

பாக் பயிற்சியளித்த, 1212இல் தோன்றிய அந்தச் சிறுவர் பாடகர் குழு இன்றும் பள்ளிக் காலத்தில் வெள்ளி மாலையிலும் சனி பிற்பகலிலும் பாடுகிறது. பாடுவோர் நமக்குப் பின்னால், மேல்மாடத்தில் நிற்பதால் முகங்கள் தெரிவதில்லை. நான் அமர்ந்திருந்த வெள்ளியன்று, கேட்பதைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை.

மறக்கப்பட்டிருந்த மத்தேயு இசையை 1829இல் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியபோது இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சோனுக்கு வயது 20. பின்னர் லைப்சிக்கில் வாழ்ந்த அவர், 1840இல் இதே தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி நடத்தி நிதி திரட்டினார். அதன் பயனாக 1843இல் பாக்குக்கு எழுந்த நினைவுத்தூண் அருகிலுள்ள பூங்காவில் நிற்கிறது. பாக்குக்கு அவர் செய்த தொண்டுக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவருக்கு இந்நகரம் 1892இல் எழுப்பிய சிலையை, அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக 1936இல் அகற்றி அழித்தார்கள். அதன் நகல் 2008இல்தான் தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு எதிரே வந்தது. பெரும்பாலானோர் தெற்குப் பக்கத்து பாக் சிலையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சென்றால் மேற்கு வாசல் பக்கமும் அவசியம் போய் வாருங்கள். மெண்டல்சோன் 1847இல் இறந்த வீடும் நடந்து போகும் தூரத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது.