அறுபதாம் நாள்

(நான் வழக்கறிஞராக ஆஜரான வழக்கு முடிந்துவிட்டது. கட்சிக்காரரின் சம்மதத்தோடு, ஊரையும் பெயரையும் நீக்கிவிட்டு என் குறிப்பேட்டிலிருந்து பதிகிறேன்.)

3 மார்ச் 2025, திங்கள்

பெயிண்ட் அடிக்கப் போன வீட்டில், பீரோவிலிருந்த நான்கு பவுன் சங்கிலியைத் திருடியதாகக் கைதான இருபத்து மூன்று வயது இளைஞரை மாலையில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்கள். காவலர்கள் அடித்தார்களா என்று நடுவர் கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தார். ஆனால் வக்காலத்தில் கையெழுத்திடப் பேனாவைப் பிடித்தபோது அவருடைய வலது கட்டைவிரல் மடங்கவில்லை. வீக்கத்தை நடுவரிடம் காட்டி, ரிமாண்டு உத்தரவில் பதியச் செய்தேன். இன்று விட்டுவிட்டால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் அதைக் கேட்பது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

7 மார்ச்

ஒப்புதல் வாக்குமூலத்தின் நகல் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், "மேற்படி சம்பவத் தினத்தன்று" என்று தொடங்கி மூன்று பக்கங்களுக்குப் பேசியிருக்கிறார்! காவலரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 23-இன்படி, பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே சாட்சியமாகும். ஆகவே கதையை விட்டுவிட்டு, பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பதிவான மகஜரைப் படித்தேன். அடகுக் கடையில் சங்கிலியைக் கைப்பற்றிய நேரம் பிற்பகல் 2 மணி. அதற்கு வழிகாட்டியதாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கிய நேரம் 3.30. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். விசாரணை அதிகாரி கூண்டேறும்வரை இதைப் பற்றி வாய் திறப்பதாக இல்லை.

20 மார்ச்

முன்வழக்குகள் இரண்டு இருப்பதால் ஜாமீன் மனு தள்ளுபடியானது. மாலையில் ஒரு வரவேற்பில், "திருடனுக்கெல்லாம் ஏன் மாப்பிள்ளை ஆஜராகிறீர்கள்?" என்று மாமா கேட்டார். குற்றவாளியா இல்லையா என்று எனக்குள் என்ன தோன்றினாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி என்றேன். கோவையில் வழக்கறிஞர்களோடு மூண்ட தகராறில் சிக்கிய காவலர்களுக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானத்தை, 2010-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். அவர் பாயசத்துக்குப் போய்விட்டார்.

28 ஏப்ரல்

குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய இவ்வழக்கில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 187(3)-இன்படி, அறுபது நாட்களுக்குள் அது தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை; முன்வழக்குகள் அதற்குத் தடையல்ல. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மார்ச்சில் 29, ஏப்ரலில் 30, மே முதல் தேதியோடு அறுபது. ஜூனியரைத் தனியாக எண்ணச் சொன்னேன்; அவருக்கும் அதே கணக்குதான் வந்தது.

2 மே

காலை 10.40-க்கு மனுவைத் தாக்கல் செய்து, நேரத்தையும் குறிக்கச் செய்தேன். 3.15-க்குக் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தது. மனு முந்திவிட்டால் அதன்பின் வரும் குற்றப்பத்திரிகையால் அந்த உரிமை போகாது என்ற 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீட்டினேன். நடுவர் படித்துப் பார்த்து, இருநபர் பிணையில் விடுவிக்க உத்தரவிட்டார். இதைத் தந்திரம் என்று அரசு வழக்கறிஞர் முணுமுணுத்தார். அறுபது நாள் அவர்கள் கையில்தானே இருந்தது?

6 மே

அந்த இளைஞர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். அவருடைய அம்மா ஒரு பிணையாளரைத்தான் அழைத்து வந்தார். அந்தப் பிணையாளர் கொண்டுவந்த வீட்டுவரி ரசீதும் அவருடைய இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது. நாளை ஜூனியர் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறார்.