ஐஸுக்கு அடியில போன திமிங்கலங்க

ரெண்டு மூணு நாளா அலாஸ்காவுல இருக்குற இனுப்பியாட் மக்களோட திமிங்கல வேட்டை பத்தியே படிச்சிட்டு இருக்கேன், மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் எழுதிடலாம்னு.

1977ல சர்வதேச திமிங்கல ஆணையம், ஆர்க்டிக் கடல்ல வாழுற போஹெட்ங்கிற திமிங்கலத்தை இனிமே அவங்களும் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மொத்தமே 600லேர்ந்து 2000 வரைக்கும்தான் மிச்சம்னு அப்போ ஒரு கணக்கு. ஆனா அது கொறஞ்சதுக்கு யாரு காரணம்? 1848லேர்ந்து கப்பல் கப்பலா வந்து எண்ணெய்க்காகவும் வாயில இருக்குற தகடுக்காகவும் கொன்னு குவிச்ச வியாபாரிங்க. அவங்க போய் பல வருஷம் ஆச்சு, தடை மட்டும் காலங்காலமா அதைச் சாப்பிட்டு வாழ்ந்த ஜனங்க தலையில விழுந்துச்சு. எனக்கு இது படிக்கும்போதே வயிறு எரிஞ்சுது.

அந்த ஜனங்க 1977லயே வேட்டை கேப்டன்களை எல்லாம் சேர்த்து சொந்தமா ஒரு ஆணையம் ஆரம்பிச்சாங்க, அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையம்னு பேரு. சண்டை போட்டதுல 1978க்கு ஒரு சின்ன கோட்டா கெடச்சுது, எல்லா ஊருக்கும் சேர்த்து 12 திமிங்கலம்.

முக்கியமான விஷயம் இனிமேதான். விஞ்ஞானிங்க ஐஸ் ஓரத்துல உக்காந்து, ஐஸ் வெடிச்சு திறந்திருக்குற தண்ணியில போறதை மட்டும் கண்ணால பாத்து எண்ணினாங்க, திறப்பு மூடிடுச்சுன்னா திமிங்கலம் வராதுன்னு முடிவு. வேட்டைக்காரங்களோ, இல்லைங்க, அது ஐஸுக்கு அடியிலயே போகும், தலையால ஐஸை முட்டி ஒடைச்சு மூச்சு விடும், கரையிலேர்ந்து ரொம்ப தூரத்துலயும் போகும்னு சொன்னாங்க. அந்த வேட்டைக்காரங்கள்ல ஒருத்தரான ஹாரி பிரவர்ங்கிற பெரியவர் இதை டாம் ஆல்பர்ட்ங்கிற விஞ்ஞானிகிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லியிருக்கார், அவரும் காது குடுத்து கேட்டிருக்கார். அப்புறம் தண்ணிக்குள்ள மைக் போட்டு சத்தத்தை கேட்டா, அவங்க சொன்னது அப்படியே சரி! 2011 கணக்குல கிட்டத்தட்ட 16,900. எண்ணிக்கை நடுவுல வளர்ந்ததும் நெஜம்தான், ஆனா முதல் கணக்கே தப்பு.

1981லேர்ந்து அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு வேட்டையை அவங்க ஆணையமே கண்காணிக்குது. 11 ஊருக்கும் பங்கு பிரிப்பாங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, கணக்கு ஈட்டி பட்டதை வெச்சு ஓடும், அடிபட்டு தப்பிச்சுப் போனாலும் அந்த ஊர் பங்குல ஒண்ணு கழிஞ்சுடும், அதனால கண்ட நேரத்துல எறிய மாட்டாங்க. ஒரு ஊருக்கு வேணாம்னா மிச்சத்தை இன்னொரு ஊருக்குக் குடுக்கலாம்.

ஜூன் மாசம் நலுகாட்டாக்னு திருவிழா. திமிங்கலம் பிடிச்ச கேப்டன் குடும்பம் கறியையும் தோலோட கொழுப்பையும் ஊர் முழுக்க பங்கு போட்டுக் குடுக்கும், வேட்டைக்குப் போக முடியாத வயசானவங்க வீட்டுக்கும் பங்கு போய்ச் சேரும்.