கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டப்படிப்பு: முதல் செமஸ்டரில் நான் தவறவிட்டதும் பிறகு பிடித்துக்கொண்டதும்

நிரலாக்கத்தில் 91. கணிதப் பகுப்பாய்வில் 34. முதல் செமஸ்டரில் நான் வாங்கிய மதிப்பெண்கள் இவை. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பில் இப்போது சேர்ந்திருப்பவர்களுக்கும் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இந்த இடைவெளி எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது என்று சொன்னால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் படிக்காமல் இருக்கவில்லை. தினமும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்தேன். ஆனால் அதில் முக்கால்வாசி கணினி முன்னால் போயிற்று. காரணம் எளிது. கணினி உடனே பதில் சொல்கிறது. எட்டாவது வரியில் பிழை என்கிறது, திருத்துகிறோம், ஓடுகிறது, மனசு நிறைகிறது. கணித நோட்டு வாயே திறக்காது. தப்பான நிரூபணமும் சரியான நிரூபணமும் தாளில் ஒரே மாதிரிதான் கிடக்கும். பதில் கிடைக்கிற பக்கமாகவே மனசு சாயும். இந்தப் படிப்பில் சேர்கிற பலருக்கு முதல் சறுக்கல் இங்கேதான் வருகிறது. கணிதத்தில் திறமை போதாது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். குறை திறமையில் இல்லை, நேரம் வடிந்துபோகும் திசையில் இருக்கிறது.

இரண்டாம் செமஸ்டரில் இரண்டு பழக்கங்களை மாற்றினேன். காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் லேப்டாப்பைத் திறக்காமல் கணிதம் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை என் நிரூபணங்களில் இரண்டை ஒரு தோழியிடம் கொடுத்து, 'எந்த வரியில் உனக்கு நம்பிக்கை வரவில்லையோ அங்கே கோடு போடு' என்பேன். நிரலில் பிழையுள்ள வரியைக் காட்டும் கம்பைலர் செய்யும் வேலையை ஒரு மனிதர் செய்தார், அவ்வளவுதான். முதல் வாரம் பதினோரு கோடுகள் விழுந்தன.

ஆனாலும் உண்மையான திருப்பம் நேரியல் இயற்கணித வகுப்பில் வந்தது. சதுர அணியிலுள்ள எண்களிலிருந்து கிடைக்கும் ஒற்றை எண்ணான அணிக்கோவையின் மதிப்பை ஒரு நிரை (கிடை வரிசை) வழியாக விரித்துக் கண்டுபிடிக்கும் முறையைப் பள்ளியிலேயே படித்திருந்தேன். அதை அப்படியே தற்சுழற்சியாக, அதாவது தன்னையே மீண்டும் அழைக்கும் நிரலாக, பைத்தான் மொழியில் எழுதினேன். அழகான சிறிய நிரல். (தமிழில் அணியின் செங்குத்து வரிசைக்கும் நிரல் என்றுதான் பெயர். ஒரே சொல் இரண்டு பாடத்திலும் வருவதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.) எட்டுக்கு எட்டு அணிக்குப் பதில் சட்டென்று வந்தது. பத்துக்குப் பத்து காக்க வைத்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பிறகு தாளில் எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு இருபது அணியை இப்படி விரித்தால் வரும் உறுப்புகள் 20 காரணியம் (1 முதல் 20 வரையிலான எண்களின் பெருக்கல்), அதாவது சுமார் 2.4 × 10¹⁸. நொடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கணக்கிடும் கருவி இருந்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். அதே அணியைக் காஸ் நீக்கல் முறையில் (ஒரு நிரையின் மடங்கை மற்ற நிரைகளிலிருந்து கழித்துக்கொண்டே போவது) முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்தால் மூவாயிரம் பெருக்கல்களுக்குள் வேலை முடிகிறது. நிரைச் செயல்கள் அணிக்கோவையை எப்படி மாற்றும் என்ற தேற்றத்தை அதுவரை தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். 77 ஆண்டுகளை ஒரு கணத்துக்குள் கொண்டுவருவது அந்தத் தேற்றம்தான் என்று தெரிந்த பிறகு அதன் நிரூபணம் எனக்கு மறக்கவே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. புதிய நிரலைச் சோதிக்க, ஒரு நிரை மற்ற இரண்டு நிரைகளின் கூட்டுத்தொகையாக இருக்கும் ஓர் அணியைத் தசம எண்களால் அமைத்துக் கொடுத்தேன். விடை பூச்சியமாக வந்தே தீர வேண்டும். வந்ததோ மிகச் சிறிய ஒரு தசம எண். தேற்றம் தப்பா, நிரல் தப்பா? இரண்டும் சரி. கணினி 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை; பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிவில்லாமல் நீள்வதைப் போல 0, 1 மட்டுமே உள்ள ஈரடிமானத்தில் பத்தில் ஒரு பங்கு முடிவில்லாமல் நீள்கிறது. கணினி தசம எண்களைச் சேமிக்கும் இரட்டைத் துல்லிய வடிவம் 53 பிட்டுகளோடு அதை வெட்டிவிடுகிறது. பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணிதத்தின் மெய்யெண் வேறு, கணினியின் எண் வேறு. நீக்கல் முறையில் ஒவ்வொரு படியிலும் அந்தச் செங்குத்து வரிசையிலுள்ள எண்களில் அளவில் பெரியதை மேலே கொண்டுவரச் சொல்வது ஏன் என்று எண்ணியல் பகுப்பாய்வு வகுப்பில் கேட்டபோது, சிறிய எண்ணால் வகுத்தால் பிழை பெருகும் என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பதில் ஒரு மாலை முழுதும் அந்தச் சிறிய எண்ணோடு மல்லுக்கட்டியதால் வந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு முறையை விடாமல் பின்பற்றினேன்: படிக்கும் தேற்றத்தை முடிந்தால் நிரலாக்கிப் பார், எழுதும் நிரலை முடிந்தால் நிரூபித்துப் பார். இரண்டாவது பாதிதான் பலரும் செய்யாதது. கணிதத் தொகுத்தறிதலும் தற்சுழற்சியும் ஒரே எலும்புக்கூடு. அடிப்படை நிலை, ஒரு படி சிறியதற்கு உண்மை என்ற எடுகோள், அதிலிருந்து அடுத்தது. மடக்குகளுக்கு (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகளுக்கு) மாற்றமிலி: ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எந்தக் கூற்று உண்மையாக இருக்கிறது என்று மடக்குக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலை எழுதும்போது சிறியதா, சிறியதோ சமமோ என்ற குழப்பத்தில் நான் இழந்த மணிகள் ஏராளம். 'தேடும் எண் பட்டியலில் இருந்தால், இந்த இரு எல்லைகளுக்குள்தான் இருக்கும்' என்று எழுதிய நாளோடு அது தீர்ந்தது.

நிரூபணமும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. ஜாவா நிரல்மொழி நூலகத்தின் இருமத் தேடலில் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு பிழை 2006-இல் வெளியே தெரிந்தது. நடு இடத்தைக் காண இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் அங்கே முழு எண்ணுக்கு உச்சமான 2147483647-ஐத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். முழு எண்களுக்கு எல்லை இல்லை என்று தாளில் நாம் வாய்விட்டுச் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் எடுகோள் அங்கே உடைந்தது. ஆகவே ஒவ்வொரு தேற்றத்தின் ஓரத்திலும் 'இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடையும்?' என்று எழுதி, ஓர் எதிர்க்காட்டை, அதாவது தேற்றம் பொய்யாகும் ஓர் உதாரணத்தைத் தேடுங்கள்.

இனி என்னைத் தோற்கடித்த பகுப்பாய்வு. அதில் வரையறைகளைப் பாட்டுப்போல ஒப்பித்தேன், சொற்களின் வரிசை முக்கியம் என்று எனக்கு உறைக்கவில்லை. தொடர்ச்சி என்பது ஒரு புள்ளியைக் கொடுத்து, ஓர் எப்சிலானையும் (சார்பின் மதிப்பு எவ்வளவுக்குள் மாறலாம் என்ற எல்லை) கொடுத்தால், ஒரு டெல்டாவை (அதற்குப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை) திருப்பித் தரும் நிரல் என்று நினைத்துப் பாருங்கள். சீரான தொடர்ச்சியில் அந்த நிரலுக்குப் புள்ளி கொடுக்கப்படாது. எப்சிலானை மட்டும் வைத்தே எல்லாப் புள்ளிக்கும் பொருந்தும் டெல்டாவைத் தர வேண்டும். வர்க்கச் சார்பை (x²) எடுத்துக்கொள்ளுங்கள். எப்சிலான் 0.1 என்றால், 10-க்கு அருகே டெல்டா சுமார் 0.005 போதும். 1000-க்கு அருகே சுமார் 0.00005 வேண்டும். தூரம் போகப் போகச் சுருங்கிக்கொண்டே போவதால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கிடைக்காது. மறுதேர்வில் இதே கேள்வி வேறு சார்போடு வந்தது. கை நடுங்காமல் எழுதினேன்.

நிகழ்தகவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சூத்திரத்துக்குப் போகுமுன் லட்சம் முறை நாணயத்தைச் சுண்டும் நிரல் எழுதி எதிர்பார்ப்பைச் சரிபாருங்கள். எண் கோட்பாட்டை 'எதற்கு இது' என்று ஒதுக்காதீர்கள். ஃபெர்மா 1640-இல் எழுதிய சிறிய தேற்றமும் அதன் விரிவும்தான் 1977-இல் பிறந்த ஆர்எஸ்ஏ மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாமல் மாற்றும் ஒரு முறை) ஏன் சரியாக வேலை செய்கிறது என்பதை விளக்குகின்றன. மென்பொருள் வேலை மட்டுமே குறிக்கோள் என்றாலும் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் கடமைக்குப் படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இயந்திரக் கற்றல் பக்கம் திரும்பும் நாளில் இரண்டும் முதல் பக்கத்திலேயே நிற்கும்.

தேர்வு அறைக்கு இரண்டு குறிப்புகள். நிரூபணக் கேள்வியில் வழி தெரியாவிட்டாலும் தரப்பட்டது என்ன, நிரூபிக்க வேண்டியது என்ன என்பதை வரையறைகளாக விரித்து எழுதுங்கள். பாதி நேரம் வழி அதிலிருந்தே பிறக்கும், பிறக்காவிட்டாலும் சில மதிப்பெண்கள் கிடைக்க வாய்ப்புண்டு. தாளில் நிரல் எழுதும் தேர்வுக்குத் தாளிலேயே பழகுங்கள். மாறிகளின் மதிப்பை அட்டவணை போட்டுச் சுற்றுச் சுற்றாகத் தொடரும் பழக்கம் கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்தவர்களுக்கு வராது. எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது.

வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கிறதா? யூக்ளிடின் மீப்பெரு பொதுக் காரணி முறையிலிருந்து ஆரம்பியுங்கள். நிரலாக எழுதுங்கள். அது ஏன் என்றாவது ஒரு கட்டத்தில் நின்றே ஆக வேண்டும் என்று நிரூபியுங்கள். பிறகு 144-ஐயும் 89-ஐயும் கொடுத்து வகுத்தல்களை எண்ணுங்கள், பத்து வரும். வகுத்தல்களின் எண்ணிக்கை சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல ஐந்து மடங்கைத் தாண்டாது என்று 1844-இல் லாமே காட்டினார். 89-க்கு இரண்டு இலக்கம், எல்லை சரியாகப் பத்து. ஏன் இந்த இரண்டு எண்கள் எல்லையைத் தொடுகின்றன என்று புத்தகத்தைப் பார்க்காமல் யோசியுங்கள். எனக்கு நான்கு நாள் ஆயிற்று.