கழித்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன்

"வால் பகுதிக்குத் தனியாக ஒரு ஃபங்ஷன் வேண்டாமா?" எங்கள் கணித லைப்ரரியில் எர்ஃப் (erf) என்ற ஃபங்ஷனைச் சேர்த்தபோது, கோடு ரிவியூவில் உடன் வேலை செய்தவள் கேட்டது இவ்வளவுதான். எர்ஃப் 0இல் தொடங்கி, கொடுக்கும் எண் பெரிதாக ஆக 1ஐ நெருங்கும்; 1ஐ எட்ட மீதி இருப்பதுதான் வால் பகுதி. "ஒன்றிலிருந்து எர்ஃபைக் கழித்தால் அதுதானே? தேவைப்படுகிறவர்கள் கழித்துக்கொள்ளட்டும்" என்றேன். சரி என்று விட்டுவிட்டாள்.

கணக்கின்படி நான் சொன்னதில் தவறில்லை. வால் பகுதியைத் தரும் எர்ஃப்சி (erfc) ஃபங்ஷனின் வரையறையே அதுதான். எர்ஃபைக் கணக்கிட நாங்கள் எடுத்திருந்தது அப்ரமோவிட்ஸ்-ஸ்டீகன் கணிதக் கையேட்டின் 7.1.26 என்ற தோராயச் சூத்திரம். ஐந்து கெழுக்கள், ஒரு எக்ஸ்போனென்ஷியல், பிழை 1.5×10⁻⁷ஐத் தாண்டாது. அந்த வரம்பை ஆவணத்திலும் எழுதியிருந்தோம். கெழுக்களைக் கூட்டினால் 0.999999999தான் வரும், அதனால் பூஜ்யத்தைக் கொடுத்தால் பூஜ்யத்துக்குப் பதில் 10⁻⁹ திரும்பி வரும். இதை நானே கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னேன். அந்த முனையை அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் மறுமுனையைப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருவர் எழுதினார். 6க்கு வால் பகுதியைக் கழித்து எடுத்து லாகரிதம் போட்டால் மைனஸ் முடிவிலி வருகிறது என்று. உண்மையான விடை சுமார் 2.15×10⁻¹⁷. டபுள் என்ற கணினி எண் வடிவில் 1க்குக் கீழே அடுத்த எண்ணே 1.1×10⁻¹⁶ தள்ளித்தான் இருக்கிறது. அதனால் எர்ஃப் சரியாக 1 ஆகிவிடுகிறது, கழித்தால் பூஜ்யம், அதன் லாகரிதம் மைனஸ் முடிவிலி. எவ்வளவு துல்லியமான சூத்திரம் போட்டிருந்தாலும் இதே பூஜ்யம்தான் என்று முதலில் ஆறுதல் பட்டுக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: அவள் கேட்டதும் அதைத்தான். சூத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை, தனி ஃபங்ஷன் கேட்டாள்.

புரோகிராமை மறுபடி திறந்தபோது இன்னும் சங்கடமாக இருந்தது. அந்தச் சூத்திரம் முதலில் கணக்கிடுவதே வால் பகுதியைத்தான். கடைசி வரியில்தான் அதை ஒன்றிலிருந்து கழிக்கிறது. 6க்கு அந்த வரிக்கு முன்னால் கையில் இருந்தது 2.18×10⁻¹⁷, ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிழை. அதைத் தொலைத்துவிட்டு, பயனரை இன்னொரு முறை கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

யாரும் கேட்காத ஃபங்ஷனை லைப்ரரியில் சேர்க்கக் கூடாது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அவள் கேட்டாளே. அவள் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். வாதாட நான் இடம் கொடுத்தேனா என்று உடனே தோன்றும். சி மொழியின் 1999 தரத்திலேயே எர்ஃபும் எர்ஃப்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வசதிக்காக வைத்தது என்றே நினைத்திருந்தேன்.

இப்போது எர்ஃப்சியைச் சேர்த்துவிட்டோம். மாற்றக் குறிப்பில் ஒரே வரி, என் பெயரில். அவள் வேறு குழுவுக்குப் போய்விட்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.